திட்டுவதற்கு ஓர் ஆள்

அன்புள்ள ஐயா,

மேலூர்ப் பக்கம் ஒரு மலையடிவாரக் கிராமம் என்னுடையது. பெயரைப் போடவேண்டாம். மலைமேல் சமணர் படுகையும் ஒரு சுனையும் இருக்கின்றன. கொஞ்ச காலமாகச் சனி, ஞாயிறு வந்தால் ஊருக்குள் நடக்க முடியவில்லை. பைக், கார், வேன், மேலே ட்ரோன். சுனையில் இறங்கிக் குளிக்கிறார்கள். கல்படுக்கையில் பெயரைக் கிறுக்குகிறார்கள். ஜோடி ஜோடியாக வந்து பாறையில் உட்கார்ந்துகொள்கிறார்கள். எங்கள் ஊர்ப் பையன்கள் விரட்டினால் சண்டைக்கு வருகிறார்கள். கம்மாய்க்கரை முழுக்க பேப்பர் கப்பும் உடைந்த பாட்டிலும். கேட்டால், “நாங்க வர்றதாலதான உங்க ஊர்ல வியாபாரம் நடக்குது” என்கிறார்கள். மலையடியில் டீக்கடை போட்டிருப்பது என் சித்தப்பா என்பதால் வீட்டிலும் பேச முடியவில்லை. கேட்காமல் கொள்ளாமல் போட்டோ எடுக்கிறார்கள் என்று என் அப்பத்தா வாசலில் உட்காருவதையே விட்டுவிட்டது.

போன மே மாதம் நாங்கள் கொடைக்கானல் போனோம். அங்கேயும் இதே கதி. ரோட்டிலேயே பாதி நாள் போய்விட்டது.

வெனிஸ் நகரத்தில் வாங்குகிற மாதிரி எங்கள் ஊரிலும் நுழைவுக் கட்டணம் வைத்தால் என்ன? அல்லது கொடைக்கானல்போல இ-பாஸ்? உங்களைப் போன்றவர்கள் இப்படிப்பட்ட இடங்களைப் பற்றி எழுதாமல் இருப்பது நல்லதில்லையா?

எம்.

அன்புள்ள எம்.,

ஊர்ப் பெயரை எடுத்துவிட்டேன். போட்டிருந்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை இன்னும் 40 பைக் வந்திருக்கும். எழுதலாமா கூடாதா என்ற கேள்விக்கு இதையே பதிலாக வைத்துக்கொள்ளுங்கள். நான் எழுதி ஓர் ஊருக்குக் கூட்டம் சேரும் அளவுக்கு என்னை யாரும் படிப்பதில்லை என்பது வேறு விஷயம்.

வெனிஸ் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பகலில் வந்துவிட்டுப் போகிறவர்களிடம் 2024 ஏப்ரல் 25 முதல் 5 யூரோ வாங்க ஆரம்பித்தார்கள். முதல் வருடம் 29 நாட்களுக்கு மட்டும். வசூல் சுமார் 24 லட்சம் யூரோ. அடுத்த வருடம் அதை 54 நாட்களாக்கி, கடைசி நேரத்தில் பதிவு செய்கிறவர்களுக்கு 10 யூரோ என்றார்கள். கூட்டம் ஒன்றும் குறையவில்லை என்று அந்த ஊர் எதிர்க்கட்சிக்காரர்கள் கத்தினார்கள். நீங்கள் பார்க்கவேண்டிய கணக்கு வேறு. 1951-இல் வெனிஸின் பழைய நகரத்தில் சுமார் 1,75,000 பேர் குடியிருந்தார்கள். 2022-இல் அது 50,000-க்கும் கீழே போய்விட்டது. வாசலில் நின்று காசு வாங்க ஆள் போட்டுவிட்டார்கள். உள்ளே குடியிருக்கத்தான் ஆள் குறைந்துகொண்டே வருகிறது. காலி வீட்டுக்கு டிக்கெட் போட்டு என்ன ஆகப்போகிறது?

கொடைக்கானலைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் கோபமும் வந்தது. ரோட்டில் பாதி நாள் போனது என்கிறீர்கள். அந்த ரோட்டில் நின்ற வண்டிகளில் ஒன்று உங்களுடையது. பெருமாள்மலைப் பக்கம் ரோட்டோரத்தில் வீடு இருக்கிற ஒரு பெண், “மதுரைக்காரங்க வந்துட்டாங்க, இனி ஆஸ்பத்திரிக்குக்கூடப் போகமுடியாது” என்று யாருக்காவது கடிதம் எழுதிக்கொண்டிருக்கக்கூடும். சென்னை உயர் நீதிமன்றம் சொல்லி 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் முதல் கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வண்டி, சனி ஞாயிறுகளில் 6,000 வண்டி என்று வரம்பும் வைத்தார்கள். வைக்கவேண்டியதுதான். மலைப்பாதையின் அகலம் நம் ஆசைக்கேற்ப வளராது. ஆனால் ஊருக்குள் எத்தனை பேர் வரலாம் என்பதைக் கடைசியில் ஒரு நீதிமன்றம் உட்கார்ந்து எண்ணவேண்டி வந்தது. ஊர் தன் வாயால் ‘போதும்’ என்று சொல்லும் கட்டம் எப்போதோ தாண்டிவிட்டது என்றுதான் அதற்கு அர்த்தம். உங்கள் ஊர் இன்னும் அதைத் தாண்டவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுகிறேன்.

உண்மையில் கட்டணம், பாஸ் எல்லாம் எனக்கு இரண்டாம்பட்சம். உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்துக்கொண்டது, போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரே ஒரு வரி. அப்பத்தா வாசலில் உட்காருவதை விட்டுவிட்டது என்கிறீர்களே, அது. கப்பு, பாட்டில், ட்ரோன் எல்லாவற்றையும்விட அதுதான் பெரிய சேதம். கொஞ்ச காலமாகவே நான் இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

என் அப்பத்தா வீடு கடச்சனேந்தலில், அழகர்கோயில் ரோட்டுமேல் இருந்தது. சித்திரைத் திருவிழாவுக்கு மலையிலிருந்து இறங்கி வருகிற அழகர், அப்பன்திருப்பதி, சுந்தரராஜன்பட்டி, கடச்சனேந்தல் என்று மண்டகப்படி மண்டகப்படியாக (வழியில் சாமி இறங்கித் தங்கும் பந்தல்கள்) நின்று, மூன்றுமாவடியில் ஜனங்கள் எதிர்கொண்டு அழைக்கும் எதிர்சேவை முடித்துத் தல்லாகுளம் போவார். அவர் வருவதற்கு முன்பே கூட்டம் வந்துவிடும். என் சின்ன வயதில் பரமக்குடி, முதுகுளத்தூர், கமுதிப் பக்கத்து ஜனங்கள் கூண்டு வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். வருடா வருடம் அதே குடும்பங்கள் எங்கள் வீட்டு முன்னால்தான் வண்டியை அவிழ்க்கும். சொந்தம் கிடையாது. எப்போது ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாது.

மாட்டை வேப்பமரத்தில் கட்டியதும் முதல் வேலையாக ஒரு சின்னச் சாக்கை இறக்கித் திண்ணையில் வைப்பார்கள். முண்டு மிளகாய் வத்தல். அப்பத்தா சாக்கைப் பிரிக்கும். ஒரு வத்தலை எடுத்துக் காம்பைக் கிள்ளும், முகர்ந்து பார்க்கும், குலுக்கி விதை ஆடுகிறதா என்று கேட்கும். அப்புறம் ஆரம்பிக்கும். “ஏண்டா, போன வருசத்து வத்தல எங்கிட்ட தள்ளிவிட வந்தியாக்கும்?” வண்டிக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு, “இல்லத்தா, மழ பத்தல இந்த வருசம்” என்பார். இந்த உரையாடல் வத்தல் நன்றாக இருந்த வருடங்களிலும் மாறியதில்லை. அது முடிந்ததும் சட்டதிட்டம். “கெணத்தடியில சோப்புப் போடக் கூடாது. வாளியப் பொத்துன்னு போடாத, கயிறு அந்து போகும். கறி ஆக்குனா எலும்பக் குழி தோண்டிப் பொதை. பிள்ளைகளை ராத்திரிக்கு உள்ள படுக்கவை, பூச்சி பொட்டு கெடக்கு.” கடைசி வாக்கியத்தையும் முதல் மூன்று வாக்கியங்களின் அதே எரிச்சலோடுதான் சொல்லும். உள்ளே போய்ப் பாயை எடுத்துப்போடுவதும் அதே எரிச்சலோடுதான். அவர்கள் கிளம்பும்போது ஓர் ஓலைப்பெட்டி நிறையக் கொட்டை எடுத்த புளி வண்டியில் ஏறியிருக்கும். யார் ஏற்றியது என்று யாரும் கேட்டதில்லை.

உடனே ‘அந்தக் காலம் பொற்காலம்’ என்று கண்ணைக் கசக்காதீர்கள். அந்தத் திண்ணையில் எல்லாச் சாதிக்காரரும் உட்காரவில்லை. வண்டியோடு வந்தவர்களில் சிலர் வேப்பமரத்தடியோடு நின்றார்கள். அவர்கள் கிணற்று வாளியைத் தொடவில்லை, யாராவது இறைத்து ஊற்றினார்கள். அப்பத்தாவின் சட்டதிட்டத்தில் அதுவும் ஒன்று. சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்தது. நான் அதையெல்லாம் திரும்பக் கொண்டுவரச் சொல்லவில்லை.

நான் சொல்ல வருவது இதுதான். அந்த இரண்டு மூன்று நாட்களில் எங்கள் ஊர் வழியாகப் போன கூட்டத்தோடு ஒப்பிட்டால் உங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் ஒன்றுமே இல்லை. அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று மதுரைக்குள் லட்சக்கணக்கில் ஜனம். அத்தனை பேர் வந்தும் கடச்சனேந்தல் அழிந்துவிடவில்லை. ஏனென்றால் வந்தவரைத் திட்டுவதற்கு வாசலுக்கு வாசல் ஓர் ஆள் இருந்தது. திட்டு வாங்கிக்கொண்டு ‘சரித்தா’ என்று சொல்ல வந்தவர்களுக்கும் மனது இருந்தது. மண்டகப்படி என்ற ஏற்பாடே அப்படிப்பட்டதுதானே. வழிநெடுக நூற்றுக்கணக்கில் மண்டகப்படி. ஒவ்வொன்றுக்கும் ஒரு குடும்பம், ஒரு சமூகம், ஒரு தெருக்காரர்கள் பொறுப்பு. நீர்மோர் புளித்திருந்தால் யாரைக் கேட்கவேண்டும் என்று தெரியும். பந்தலில் செருப்புக் காலோடு ஏறினால் யார் கேட்பார் என்பதும் தெரியும்.

ஆற்றுக்குள் அப்படி இல்லை. எல்லோரும் அங்கே பொத்தாம்பொதுவாகக் கூட்டம், ஒழுங்குபடுத்தக் காவல்துறை மட்டும். 2022-இல் அழகர் இறங்கும்போது நெரிசலில் 2 பேர் செத்துப்போனார்கள். சாமி கும்பிட வந்த கூட்டம் என்பதால் நெரிசல் சும்மா விட்டுவிடவில்லை.

வெளிநாட்டிலும் இதேதான் நடந்துகொண்டிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. 2024 ஜூலையில் பார்சிலோனாவில் ஊர்க்காரர்கள் ஊர்வலமாகப் போய், ஓட்டல் வாசலில் சாப்பிட்டுக்கொண்டிருந்த சுற்றுலாப் பயணிகள் மேல் தண்ணீர்த் துப்பாக்கியால் பீய்ச்சினார்கள். (நாம் வெயிலில் வருகிற அழகரைக் குளிர்விக்கத் தோப்பறை என்ற தோல்பையிலிருந்து தண்ணீர் பீய்ச்சுகிறோம். ஒரே வேலை, எவ்வளவு வித்தியாசம் பாருங்கள்.) அதற்கு முந்தின மாதம்தான் அந்த நகர மேயர், சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடப்படும் 10,101 வீடுகளின் உரிமங்களையும் 2028 நவம்பரோடு முடித்துவிடப் போவதாக அறிவித்திருந்தார். மாடி வீடெல்லாம் மூன்று நாள் வாடகைக்கு என்று ஆகிவிட்டால், படிக்கட்டில் பெட்டியை உருட்டாதே என்று சொல்ல அந்தக் கட்டடத்தில் யார் மிச்சம்? வருடக்கணக்கில் சொல்ல முடியாமல் போனதைத்தான் தண்ணீராகப் பீய்ச்சினார்கள்.

மதுரைக்குள்ளும் பாருங்கள். மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஆவணி மூல வீதி, மாசி வீதிச் சந்துகளில் குடியிருந்த குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கே.கே. நகர், அண்ணா நகர் என்று போய்விட்டன. வீடு லாட்ஜ் ஆயிற்று, இல்லாவிட்டால் குடோன் ஆயிற்று. கோயிலைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டக்கூடாது என்று விதி இருக்கிறது. அதைக் காகிதத்தில் படிக்கலாம், அண்ணாந்து பார்த்தால் தெரியாது. அது தனிக் கதை, இங்கே வேண்டாம். சந்து முனையில் எச்சில் இலையை வீசுகிறவனை மாடியிலிருந்து எட்டிப்பார்த்து “யார்ரா அது?” என்று கேட்கிற அம்மாள் இப்போது அங்கே இல்லை. லாட்ஜ் ரிசப்ஷன் பையன் கேட்கமாட்டான், அவனுக்கு அது வேலையில்லை.

சரி, உங்கள் ஊருக்கு வருகிறேன். இனி நான் சொல்வது உங்களுக்குப் பிடிக்காது.

பேப்பர் கப்பு யாருடையது? வெளியூர்க்காரர்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்தார்களா? உங்கள் சித்தப்பா கடையில் வாங்கியது. கடை வாசலில் ஒரு டிரம் வைத்து, சாயங்காலம் அதை அள்ளுவது அவருடைய வேலை. அவர் ஏன் செய்யவில்லை என்று உங்களால் கேட்க முடியவில்லை. அவர் ஏன் கஸ்டமரைக் கேட்பதில்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். ‘தம்பி, பாட்டில உடைக்காத’ என்று சொன்னால் அடுத்த வாரம் அந்தக் குரூப் பக்கத்துக் கடைக்குப் போய்விடும். என் அப்பத்தாவும் சும்மா இடம் கொடுக்கவில்லை, வத்தல் வாங்கிக்கொண்டுதான் கொடுத்தது. ஆனால் அவர்கள் அடுத்த வருடம் வராவிட்டால் வீட்டில் உலை கொதிக்காது என்ற நிலை அதற்கு இல்லை. அதனால் வாய் திறக்க முடிந்தது. ஊரில் எத்தனை வீடு அந்த ஞாயிற்றுக்கிழமை வருமானத்தை நம்பி இருக்கிறதோ, அத்தனை வாய் மூடிவிட்டது என்று கணக்கு. சித்தப்பாவை நான் குற்றம் சொல்லவில்லை. மழை பார்த்து விவசாயம் செய்து அலுத்துப்போனவர் டீ விற்றால் தப்பா? அந்த டிரம்மை மட்டும் வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.

அடுத்து, ‘ஜோடி ஜோடியாக’ என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், அதைப் படித்து எனக்கு எரிச்சல் வந்தது. இரண்டு பேர் பாறையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தால் உங்கள் ஊர்ப் பையன்களுக்கு அதில் என்ன வேலை? உடைந்த பாட்டிலை மிதித்தால் ஆட்டுக்காரப் பையன் காலில் ரத்தம் வரும். ஒரு பெண்ணும் பையனும் பேசிக்கொண்டிருப்பதால் யார் காலில் ரத்தம் வருகிறது? பாட்டில் உடைக்கிற ஆறு பேரைக் கேட்க உங்கள் பையன்களுக்குத் தைரியம் இல்லை, அவர்கள் திருப்பி அடிப்பார்கள். தனியாக உட்கார்ந்திருக்கும் ஜோடி திருப்பி அடிக்காது. பல சமயம் போனைப் பிடுங்கிப் பார்ப்பது, சாதி கேட்பது வரை போகும். இதை ஊர்க்காவல் என்று என்னிடம் சொல்லாதீர்கள். என் அப்பத்தா கிணற்றைப் பற்றித்தான் கேட்டது, வண்டியில் வந்தவர் யாரோடு வந்தார் என்று கேட்கவில்லை. படித்த பெண் நீங்கள், இந்த வித்தியாசம் உங்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

முடியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். உங்கள் தாலுகாவில் என்ன நடந்தது என்று நான் நினைவுபடுத்தவேண்டியதில்லை. அரிட்டாபட்டியையும் மீனாட்சிபுரத்தையும் சேர்த்து 193 ஹெக்டேர் நிலத்தை 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. லகுடு வல்லூறு வந்து தங்குகிற மலை. குடைவரைக் கோயில், தமிழி எழுத்து, சமணத் தீர்த்தங்கரர் எல்லாம் இருக்கிறது. அடுத்த இரண்டு வருடத்தில், 2024 நவம்பரில், அந்தத் தலத்தின் ஒரு பகுதியும் உள்ளே வரும்படி 2,015 ஹெக்டேருக்கு டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்த செய்தி வந்தது. கிராம சபைகளில் தீர்மானம் போட்டார்கள். டிசம்பர் 9-ஆம் தேதி சட்டமன்றத்திலும் தீர்மானம். 2025 ஜனவரி 7-ஆம் தேதி மேலூர்ப் பக்கத்து ஜனம் மதுரைக்கு நடந்தே வந்தது. நரைத்த தலைகளும் இடுப்பில் குழந்தையுமாக வந்த அந்தக் கூட்டத்தை ரோட்டோரம் நின்று நானும் பார்த்தேன். 23-ஆம் தேதி ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. உங்கள் ஊரிலிருந்தும் ஆட்கள் போயிருப்பார்கள், உங்கள் சித்தப்பாவும் போயிருக்கலாம்.

ஒன்றிய அரசைக் கேட்ட வாய்க்குச் சுனையில் ஷாம்பு போட்டுக் குளிக்கிறவனைக் கேட்க முடியவில்லை. காரணம் தைரியக் குறைவு இல்லை. சுரங்கம் வந்தால் எல்லோருக்கும் நஷ்டம், அதனால் ஊர் ஒன்றாக நின்றது. கூட்டம் வந்தால் பத்து வீட்டுக்கு லாபம், மீதி வீட்டுக்குத் தொல்லை. அதனால் ஊர் இரண்டாக நிற்கிறது. அந்தப் பத்து வீட்டின் லாபத்தில் மீதி வீட்டுக்கும் பங்கு வராதவரை ஒரே குரல் வராது.

அதனால் கட்டணம் கேட்டீர்களே, அதைப் பற்றி என் யோசனை இவ்வளவுதான். மலை ஏறுவதற்குக் காசு வாங்காதீர்கள். மலை உங்களுடையதும் இல்லை, தொல்லியல் துறை ஆட்கள் வந்து கேட்டால் பதில் சொல்ல முடியாது. வண்டி நிறுத்தக் காசு வாங்குங்கள். இப்போது நான்கு பையன்கள் கயிறு கட்டி வாங்கிக்கொண்டிருப்பார்கள், எந்த ஊரில்தான் இல்லை? அந்தக் காசைப் பஞ்சாயத்துக் கணக்கில் கட்டச்செய்து, பையன்களுக்குச் சம்பளம் கொடுங்கள். கழிப்பறை ஒன்று கட்டுங்கள், தண்ணீரோடு. மலை ஏறுகிற பெண்கள் எங்கே ஒதுங்குவார்கள் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. எனக்கு அது கவலையாக இருந்தது. மீதிப் பணத்தில் அடிவாரத்தில் உட்கார இரண்டு வயதான பெண்களைச் சம்பளத்துக்குப் போடுங்கள். ஆண்கள் வேண்டாம். ஆண்கள் கேட்டால் அடிதடி ஆகும். பையில் பாட்டில் இருக்கிறதா, சோப்பு இருக்கிறதா என்று கேட்டு வாங்கி வைத்துக்கொண்டு, இறங்கும்போது திருப்பிக் கொடுப்பது அவர்கள் வேலை. வந்தவன் முறைத்தால் நாலு வார்த்தை சொல்லட்டும். சம்பளம் பஞ்சாயத்திலிருந்து வருவதால் எந்தக் கஸ்டமருக்கும் பயப்படவேண்டியதில்லை. ஒரு நாற்காலி உங்கள் அப்பத்தாவுக்கு. அதைக் கேட்காமல் போட்டோ எடுக்கட்டும் பார்ப்போம்.

வருடத்தில் 6 கிராம சபை நடக்கிறது. இதில் எதையாவது தீர்மானமாக எழுதிக்கொண்டு போங்கள். சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவரை எதிரியாக்கிவிட்டால் காரியம் நடக்காது. முதல் தடவை சிரிப்பார்கள், கூட்டம் நடத்துகிறவர் “அப்புறம் பாக்கலாம்மா” என்பார். அடுத்த சபைக்கும் போய்த் தீர்மான நோட்டில் பதியச் சொல்லிக் கேட்டு, பதிந்த பக்கத்தைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். அது இல்லாமல் அடுத்த கடிதம் வந்தால் பதில் எழுதமாட்டேன்.

அன்புடன்.